தங்க வருபவர்களின் துணிக்கு விதி வைப்பது எப்படி: கொடியிலிருந்து தொடங்குங்கள்

மயிலாப்பூரில் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் உள்ள இரண்டு அறைகளை நாள் வாடகைக்கு விடுகிறோம். சமையலறை, ஹால், பின்பக்கம் இருக்கும் வாஷிங் மெஷின், மொட்டை மாடி எல்லாம் பொது. மார்கழிக் கச்சேரி கேட்க வருபவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் தங்குபவர்கள், கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்குபவர்கள் என்று பல ரகம். இப்படி அறை விடும் வீட்டுக்காரர்கள் செருப்பு எங்கே விடுவது, வாசல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவது, அறைக்குள் அசைவம் சாப்பிடலாமா என்பதற்கெல்லாம் நுணுக்கமாக விதி எழுதி வைத்திருப்பார்கள். துணிக்கு மட்டும் 'வாஷிங் மெஷின் உண்டு' என்று ஒரே வரி. அப்புறம் முகம் சுளிக்க நேர்வதெல்லாம் அந்த ஒரு வரியால்தான்.

எங்கள் வீட்டில் ஓடுகிற முறையை வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் கொடைக்கானலாக இருந்தால் வெயில் கணக்கு வேறு, புதுச்சேரியாக இருந்தால் மணல் கணக்கு வேறு. ஆனால் யோசிக்க வேண்டிய வரிசை எங்கும் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் கயிற்றை அளந்து பாருங்கள்

விதி எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் மெஷினைத்தான் நினைக்கிறார்கள். யார் போடலாம், எத்தனை முறை போடலாம், எந்தப் பட்டனைத் தொடலாம் என்று. என்னைக் கேட்டால், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். மெஷின் ஒரு காலைக்குள் மூன்று லோடு துவைத்துக் கொடுத்துவிடும். மூன்று லோடும் காய்வதற்கு இடம் இருக்காது. ஈரத் துணியை வைத்துக்கொண்டு நிற்கிறவர் அதை எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும். தேக்கு நாற்காலியின் முதுகில், கதவின் மேல், ஏசிக்கு நேராக. பாலிஷ் போன நாற்காலிக்கும், துணி காய்வதற்காகப் பகலெல்லாம் ஓடிய ஏசிக்கும் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இடம் கொடுக்காதது நாம்.

7 கிலோ மெஷின் என்றால் காய்ந்த துணியாக 7 கிலோ. இரண்டு பெட்ஷீட், நான்கு டவல், ஏழெட்டுச் சட்டை, இரண்டு மூன்று பேன்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படாமல் காயப்போட 10 முதல் 12 மீட்டர் கயிறு வேண்டும். எங்கள் மாடியில் ஒவ்வொன்றும் 5 மீட்டராக நான்கு கொடி, ஆக மொத்தம் 20 மீட்டர். இரண்டு லோடுகூட முழுதாகக் கொள்ளாது. வீட்டுத் துணிக்குப் பாதி போனால், தங்குபவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லோடு.

இந்தக் கணக்கு கையில் வந்துவிட்டால் பாதி விதி எழுதியாகிவிட்டது. நான் மெஷினுக்கு முறை வைப்பதில்லை, கொடிக்குத்தான் முறை. முன்னறைக்குச் செவ்வாய், வெள்ளி. பின்னறைக்குத் திங்கள், வியாழன். மற்ற நாள் வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை கொடி காலியாக இருந்தால் கேட்டுவிட்டுப் போடலாம். ஒரே ஒரு விலக்கு: யாராவது அறையைக் காலி செய்கிற நாளில் எந்தக் கிழமையானாலும் மெஷினும் கொடியும் எனக்கு. அன்றைக்குப் பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் துவைத்து, மறுநாள் வருகிறவருக்குப் போட வேண்டும். இதை முன்பே சொல்லிவிட்டால் யாரும் மறுப்பதில்லை. அன்று காலை போய்ச் சொன்னால்தான் கோபம் வரும்.

காய எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், குறிப்பாக வெளியூர்க்காரர்களுக்கு. ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்குப் போட்ட பருத்திச் சட்டை 11 மணிக்கு மொடமொடவென்று இருக்கும். அதற்கு மேலும் கிடந்தால் சாயம்தான் வெளுக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது சட்டைக்கே ஒரு பகல் வேண்டும், ஜீன்ஸ் இரண்டாம் நாளும் ஈரமாகவே தொங்கும். அமெரிக்காவிலிருந்து வருகிற பிள்ளைகள் வந்த அன்றே "ட்ரையர் எங்கே ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். மொட்டை மாடியைக் காட்டுவேன். மே மாதமாக இருந்தால் அதைவிட வேகமான ட்ரையர் கிடையாது என்றும் சொல்வேன். டிசம்பராக இருந்தால் ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் ஜீன்ஸைத் துவைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைப்பேன். ஈர ஜீன்ஸைப் பெட்டிக்குள் வைத்து விமானம் ஏறுவது அவர்களுக்கும் நல்லதில்லை.

மழைக்கால ஏற்பாடாக மாடிப் படிக்கட்டுக்கு மேலே கப்பி வைத்த சீலிங் ஹேங்கர் ஒன்று மாட்டியிருக்கிறோம். கயிற்றை இழுத்தால் கம்பிகள் இறங்கும், துணியைப் போட்டுவிட்டு மேலே ஏற்றிவிடலாம். தவிர, ஒவ்வோர் அறையிலும் மடக்கும் ஸ்டாண்டு ஒன்று. 'அறைக்குள் ஈரத் துணி போடாதீர்கள்' என்று எழுதுவதைவிட, ஸ்டாண்டை வைத்துவிட்டு 'ஈரத் துணி ஸ்டாண்டில் மட்டும்' என்று எழுதுவது நடக்கிற காரியம். ஃபேன் போட்டுக்கொள்ளலாம், துணிக்காக ஏசி வேண்டாம் என்று பக்கத்திலேயே இன்னொரு வரி.

கொடியே எதனால் ஆனது என்பதும் முக்கியம். இரும்புக் கம்பி துருப் பிடித்து வெள்ளை வேட்டியின் குறுக்கே கோடு போட்டுவிடும், வேட்டிக்காரருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நைலான் கயிறு நாளடைவில் தொய்ந்து நடுவில் உள்ள துணி தரையைத் தொடும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி நன்றாக உழைக்கிறது. எதுவானாலும் சென்னைத் தூசியும் காக்காயும் உண்டு, அதனால் துணி போடுவதற்கு முன் ஈரத் துணியால் ஒருமுறை கொடியைத் துடைக்க வேண்டும். துடைக்கிற துணியை அங்கேயே ஓர் ஆணியில் மாட்டி வைத்தால் செய்வார்கள். க்ளிப்புகளைத் தாராளமாக வாங்கி வையுங்கள். ஆடி மாதக் காற்றில் க்ளிப் போடாத துணி பக்கத்து வீட்டு மாடியில்தான் இருக்கும், போய் மன்னிப்புக் கேட்டு எடுத்து வருவது நாம்தான்.

உள்ளாடை விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுங்கள். எங்கள் மாடியில் தெருப் பக்கக் கொடி, உள்பக்கக் கொடி என்று இருக்கிறது. 'உள்ளாடைகள் உள்பக்கக் கொடியில், ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும்.' அந்தக் கடைசி மூன்று சொற்கள் இல்லாவிட்டால் பெண்கள் மட்டும் கூச்சத்தோடு குளியலறைக்குள்ளேயே காயப்போடுவார்கள், ஆண்களின் ஜட்டி தெருவைப் பார்த்து ஆடும்.

மயிலாப்பூர் என்பதால் வேறு ஒன்றும் வரும். மடித்துணி, அதாவது ஆசாரத் துணி. காலையில் குளித்துவிட்டு நனைத்துப் போட்ட ஒன்பது கஜத்தையும் வேட்டியையும் வேறு யாரும் தொடக் கூடாது என்கிற முதியவர்கள் இன்னும் தங்க வருகிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை, விவாதத்திலும் ஈடுபாடு இல்லை. படிக்கட்டுக்கு மேலே, கப்பி ஹேங்கரைத் தாண்டி, உயரத்தில் ஒரு மூங்கில் கழி கட்டி, எட்டிப் போட ஒரு கோலும் வைத்தாயிற்று. வேண்டுமென்பவர்கள் அவர்களே போட்டு அவர்களே எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து ஒதுங்கிப் போக வேண்டும் என்ற விதியெல்லாம் இந்த வீட்டில் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

தண்ணீர், கரண்ட்

2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. தெருவில் குடத்தோடு நின்ற ஞாபகம் எங்களுக்கு இருக்கிறது, வருகிறவர்களுக்கு இருக்காது. அதனால் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று பொதுவாக எழுதினால் அது சுவரில் இருக்கும் இன்னொரு வாசகம், அவ்வளவுதான். அளவைச் சொன்னால் மனதில் ஏறும். முன்பக்கம் கதவு உள்ள மெஷின் ஒரு லோடுக்குச் சுமார் 50 முதல் 70 லிட்டர் எடுக்கும். மேலே திறக்கும் தானியங்கி மெஷின் 100 முதல் 150 லிட்டர் வரை போகும். இரண்டு சட்டையைப் போட்டாலும் கிட்டத்தட்டப் பாதித் தண்ணீராவது போய்விடும். ஆகவே விதி: டிரம் முக்கால் பாகமாவது நிறைய வேண்டும். நிறையாவிட்டால் வீட்டுத் துணியோடு சேர்த்துப் போட ஒப்புக்கொள்ளலாம், அல்லது முறை நாள் வரை காத்திருக்கலாம். அவசரமென்றால் வாளியில் கைத்துவையல். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அலசாமல் மூன்று வாளியில் முடித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேரம் காலை 8 முதல் 11 வரை. அதற்குள் தரைக்கடியில் உள்ள சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்கு மோட்டார் போட்டு முடித்திருப்போம், துவைத்த துணிக்கு உச்சி வெயிலும் கிடைக்கும். ராத்திரியில் கூடாது. பிழியும்போது மெஷின் ஆடுகிற ஆட்டம் கீழே படுத்திருக்கிறவரின் தலைமாட்டில் கேட்கும். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்டை நிறுத்துவார்கள், முந்தின நாளே பேப்பரில் வரும். அன்று துவையல் கிடையாது என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள். நடுவில் திடீரென்று கரண்ட் போனால் முன்கதவு பூட்டிக்கொண்டுவிடும், இழுக்கக் கூடாது. இழுத்து உடைத்த கைப்பிடிக்கு ஆகிற செலவு ஒரு வருடத் துவையல் காசு.

வெந்நீர் ப்ரோகிராமை நான் அனுமதிப்பதில்லை. முன்கதவு மெஷின்களின் ஹீட்டர் கிட்டத்தட்ட 2,000 வாட். அதே நேரத்தில் மாடியில் யாராவது கீஸரும் போட்டால் எங்கள் பழைய வயரிங் தாங்காமல் ட்ரிப் ஆகும். கோடையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே மதியத்தில் கை வைக்க முடியாத சூட்டில் வருகிறது, அதைப் போய் யாராவது காய்ச்சுவார்களா? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறுகிறது என்ற கவலையும் வீட்டுக்காரருக்குத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்களின் துணி, குழந்தைகளின் துணி என்றால் மட்டும் கேட்டவுடன் வெந்நீரில் போட்டுத் தருவேன்.

பட்டனை யார் அழுத்துவது

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. தங்குபவர்களே இயக்கட்டும் என்று டயலில் சிவப்புப் பொட்டு ஒட்டி வைப்பவர்கள் ஒரு பக்கம். நான் மறுபக்கம். துணியை அவர்கள் போடட்டும், சோப்பும் பட்டனும் என் கையில். காரணம் சோப்புத் தூள்தான். கைத்துவையலுக்கு வாங்கிய தூளை முன்கதவு மெஷினில் கொட்டினால் நுரை பொங்கும். நுரையில் துணி மோதாமல் மிதக்கும், அழுக்கும் போகாது, பல மாடல்களில் நுரை அடங்கும்வரை மெஷின் தானாகவே கூடுதலாக அலசிக்கொண்டிருக்கும். அதாவது சிக்கனம் என்று வாங்கிய மெஷின் தண்ணீரைக் குடிக்கும். மெஷினுக்கான குறைநுரைத் தூளை ஒரு டப்பாவில், அளவு ஸ்பூனோடு நானே வைத்திருக்கிறேன். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்கள் சோப்பைக் கொண்டு வரலாம், பாக்கெட்டை எனக்குக் காட்டிவிட்டு.

உங்கள் வீட்டில் நீங்கள் இல்லாத நேரம் அதிகமென்றால் சிவப்புப் பொட்டு முறைதான் சரி. அப்போது ஒரே ஒரு ப்ரோகிராமுக்குப் பொட்டு வையுங்கள். மூன்றுக்கு வைத்தால் குழப்பம்.

மெஷின் நின்ற பிறகு துணி உள்ளேயே கிடப்பதுதான் பொது வீட்டின் பெரிய தலைவலி. சென்னைப் புழுக்கத்தில் ஈரத் துணி மூன்று மணி நேரம் மூடிக் கிடந்தால் வாடை வந்துவிடும், மறுபடி துவைக்க வேண்டும். கச்சேரி சீசனில் இது தினப்படி. காலையில் லெக்-டெம் (பாடிக் காட்டி விளக்குகிற இசை உரை) கேட்கப் போகிறவர்கள் சபா கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு ராத்திரிக் கச்சேரியும் முடித்து ஒன்பதரைக்கு வருவார்கள். அதனால் வந்த அன்றே ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: "நீங்கள் வெளியே இருந்தால் உங்கள் துணியை நான் எடுத்து உலர்த்தலாமா, வேண்டாமா?" சரி என்றால் நான் காயப்போட்டு, மடித்து, மூடிய கூடையில் அறை வாசலில் வைப்பேன். வேண்டாம் என்றால் அவர்கள் வீட்டில் இருக்கிற நாளில் மட்டும் மெஷின். சரியென்றும் வேண்டாமென்றும் சொல்லாதவர்களின் துணியை அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு வாளிக்கு மாற்றிவிடுவேன் என்பதும் விதியில் இருக்கிறது. அந்நியர் துணியைத் தொடுகிற விஷயம் இது, சம்மதம் இல்லாமல் தொட்டதாக ஒரு பேச்சு வரக் கூடாது.

உள்ளே போகக் கூடாதவை

இந்தப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். எங்களிடம் முதலிடம் பட்டுக்கு. காஞ்சிப் பட்டை மெஷினில் போட யார் துணிவார்கள் என்று நினைப்பீர்கள். புடவையைப் போடமாட்டார்கள், பட்டு ரவிக்கையையும் குழந்தையின் பட்டுப் பாவாடையையும் மற்ற துணியோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். பட்டு புரத இழை. கறை நீக்குவதற்காகச் சோப்புத் தூளில் சேர்த்திருக்கும் என்ஸைம்களில் புரதத்தை அரிக்கிற வகை உண்டு. முட்டைக் கறையை எடுப்பது எதுவோ அதுவே பட்டையும் மெல்ல அரிக்கும். கம்பளிக்கும் இதே கதை. பட்டு கட்டியவர்களுக்கு நான் தருவது ஒரு அகலமான ஹேங்கரும் நிழலான இடமும். கச்சேரிக்குக் கட்டிய புடவை வியர்வை உலரும்வரை ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் தொங்கினால் போதும், துவைக்கவே வேண்டியிருக்காது.

அடுத்தது சாயம் போகிறவை. மதுரைச் சுங்குடி, கலம்காரி, புது இண்டிகோ ஜீன்ஸ். 'முதல் மூன்று துவையல் வாளியில், தனியாக' என்று எழுதியிருக்கிறேன். அடுத்தவர் சட்டை இளஞ்சிவப்பானால் அது இருவருக்கும் இடையிலான வழக்கு, நான் நடுவர் இல்லை. இதனாலேயே இரண்டு அறைக்காரர்களின் துணியை ஒன்றாகப் போடுவதை அவர்களே விரும்பிக் கேட்டாலொழிய நான் செய்வதில்லை.

கஞ்சி. பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவதை மெஷினில் செய்யவே கூடாது. டிரம் ஓட்டைகளிலும் ரப்பர் மடிப்பிலும் படிந்து, இரண்டு நாளில் புளித்த வாடை கிளம்பும். கஞ்சி போட என்று ஒரு பிளாஸ்டிக் டப் தனியாக வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களின் டவலும் நேராக மெஷினுக்குப் போகாது. எண்ணெய் ரப்பரில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாலு லோடுக்கு மணக்கும். எண்ணெய்க்கு என்று பழைய, அடர்நிற டவல் ஒன்று ஒவ்வோர் அறையிலும் இருக்கிறது. தலைக்கு டை அடிக்கிறவர்களுக்கும் அதே டவல்தான். வெள்ளை டவலைக் கறையாக்கியதற்கு அபராதம் போடுவதைவிட இது மலிவு.

கறையைப் பற்றி விதி எழுதும்போது தொனி முக்கியம். அபராதம் என்று எழுதினால் ஒளிப்பார்கள், ஒளித்த கறை போகாது. ரத்தக் கறையோ மாதவிடாய்க் கறையோ பெட்ஷீட்டில் பட்டால், 'அப்படியே குளிர்ந்த தண்ணீர் வாளியில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள், வெந்நீர் வேண்டாம், எதுவும் கேட்கமாட்டோம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சூடு பட்டால் ரத்தக் கறை இறுகிவிடும். மஞ்சள் வேறு மாதிரி. சோப்புப் பட்டதும் ரத்தச் சிவப்பாக மாறி எல்லோரையும் பயமுறுத்தும், சோப்பின் காரத்தால் வருகிற நிறம் அது. அலசி வெயிலில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் தானாக வெளிறிவிடும்.

எங்கள் போர்வெல் தண்ணீரில் இரும்பு உண்டு. வெள்ளை வேட்டி நாலு துவையலில் பழுப்பேறும். உடனே கடைக்குப் போய்ப் பிளீச்சிங் திரவம் வாங்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குளோரின் பட்டால் இரும்புக் கறை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் வைத்து அலசுவது வெள்ளைப் பருத்திக்கு வேலை செய்கிறது. விதி என்னவென்றால், பிளீச் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது, வெள்ளை வேட்டிக்காரர்கள் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் குழாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சேஃப்டி பின், சில்லறை, டிஷ்யூ பேப்பர் இவற்றைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. பைகளைத் தடவிப் பார்க்கச் சொல்லி ஒரு வரி போதும். கொக்கி உள்ளவற்றுக்கு ஒரு வலைப் பை மாட்டி வையுங்கள்.

காசு வாங்குவதா

ஒரு லோடுக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரித் தண்ணீர் வாங்குகிற காலத்தில்கூடத் தண்ணீர் பத்து ரூபாய்க்குள், குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் கரண்ட் இரண்டு மூன்று ரூபாய், தூள் ஏழெட்டு ரூபாய். மெஷின் தேய்மானத்தையும் சேர்த்து முப்பது ரூபாய் தாண்டாது. ஆகவே காசு என்பது செலவை ஈடுகட்ட இல்லை, அளவைக் கட்டுப்படுத்த. எங்கள் வீட்டில் மூன்று இரவுக்கு மேல் தங்குபவர்களுக்கு வாரம் ஒரு லோடு இலவசம். அதற்கு மேல் லோடுக்கு 100 ரூபாய். கைக்குழந்தை வைத்திருப்பவர்களிடமும் நோயாளியோடு வந்தவர்களிடமும் வாங்குவதில்லை.

தொகை எவ்வளவு என்பதைவிட எங்கே எழுதியிருக்கிறது என்பது முக்கியம். ஏர்பிஎன்பி போன்ற தளத்தில் அறையைப் போடும்போது வசதிப் பட்டியலில் வாஷர் என்பதை டிக் அடித்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசம் என்றுதான் படிப்பார்கள், அது அவர்கள் தப்பில்லை. கட்டணம் உண்டு, வாரம் இரண்டு நாள், ட்ரையர் இல்லை என்ற மூன்றையும் அங்கேயே, புக் செய்வதற்கு முன் கண்ணில் படுகிற மாதிரி எழுதுங்கள். வந்து பெட்டியை இறக்கிய பிறகு சொல்கிற விலை எதுவானாலும் ஏமாற்று மாதிரிதான் தெரியும்.

வேலைக்கு வருகிறவரும் இஸ்திரிக்காரரும்

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவிடம் தங்குபவர்கள் நேராகத் துணியை நீட்டக் கூடாது. இது எங்கள் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. "அம்மா, இதையும் கொஞ்சம் அலசிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அவரால் மறுக்க முடியாது, காசு கேட்கவும் கூச்சம். துவைத்துத் தர வேண்டுமென்றால் என்னிடம் சொல்ல வேண்டும். அவருக்கு நேரம் இருக்கிறதா என்று நான் கேட்பேன், கூலியை அவரே சொல்வார், காசு அவர் கைக்கே போகும். உள்ளாடை யாருடையதானாலும் அவரவரே துவைத்துக்கொள்ள வேண்டும். இதில் பேரம் இல்லை.

தெருமுனையில் இஸ்திரி வண்டி இருக்கிறது. காலையில் கொடுத்தால் மாலைக்குள் கிடைக்கும், கல்யாண முகூர்த்த நாள்களில் மறுநாள். அவர் ரேட்டை அட்டையில் எழுதாதீர்கள், அது மாறும்போது நாம் இடையில் மாட்டிக்கொள்வோம். துணியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கச் சொல்லுங்கள், பட்டு என்றால் வாயால் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அறைக்குள் இஸ்திரிப் பெட்டி வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். மெத்தை மேல் வைத்துத் தேய்க்காதவர் யார்?

அட்டையில் என்ன எழுதுவது

இவ்வளவும் பேசினாலும் சுவரில் ஒட்டுவது அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. எங்களுடையது தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. சிகிச்சைக்கு வருகிறவர்களில் வங்காளிகள் அதிகம் என்பதால், தங்கியிருந்த ஒருவரிடம் கேட்டு வங்காளத்திலும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். தமிழ் அட்டை இப்படி இருக்கும்:

'துணி துவைக்க முன்னறைக்குச் செவ்வாய், வெள்ளி. பின்னறைக்குத் திங்கள், வியாழன். காலை 8 முதல் 11 வரை. துணியை நீங்கள் போடுங்கள், சோப்பும் பட்டனும் எங்களிடம் விடுங்கள். டிரம் முக்கால் பாகமாவது நிறையட்டும். பட்டு, கம்பளி, சாயம் போகும் துணி, எண்ணெய்த் துணி, கஞ்சி மெஷினில் வேண்டாம்; வாளியும் டப்பும் பக்கத்தில் உள்ளன. கொடியைத் துடைத்துவிட்டு, க்ளிப் போட்டுக் காயவையுங்கள். உள்ளாடைகள் உள்பக்கக் கொடியில், ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும். மாலை 5 மணிக்குள் எடுத்துவிடுங்கள். மழை வந்தால் மாடியில் இருப்பவர் எல்லோருடைய துணியையும் எடுத்துப் படிக்கட்டில் போடவும். வேலை செய்பவரிடம் துணி கொடுக்க வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள். கறை பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். விலை உயர்ந்த துணியை மெஷினில் போட்டால் பொறுப்பு உங்களுடையது.'

'தயவுசெய்து' என்பதை வரிக்கு வரி போடாதீர்கள், ஒவ்வொன்றும் கெஞ்சல் மாதிரி ஆகி எதுவுமே கட்டாயமில்லை என்று தோன்றிவிடும். ஆச்சரியக்குறியும் வேண்டாம்.

ஊருக்குப் போனவர்கள் விட்டுவிட்டுப் போகிற துணிக்கும் ஒரு விதி வேண்டும். கொடியின் கடைசியில் தொங்குகிற ஒற்றை சாக்ஸ், கதவுக்குப் பின்னால் மாட்டிய துண்டு, சில சமயம் நல்ல புடவையே இருக்கும். போட்டோ எடுத்து அன்றே அனுப்பிவிடுவேன். ஒரு மாதம் வைத்திருப்போம், கூரியர் செலவு அவர்களுடையது, அதற்குள் பதில் வராவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று புக்கிங் உறுதியாகும்போது அனுப்புகிற செய்தியிலேயே இருக்கிறது.

அட்டையை லேமினேட் செய்து ஒன்று மெஷினுக்கு மேலே, இன்னொன்று மொட்டை மாடிக் கதவின் உள்பக்கம். துணி வாளியோடு ஏறி வருகிறவர் கதவைத் திறக்க வாளியைக் கீழே வைப்பார், அந்த ஒரு நிமிடம்தான் படிப்பார். அக்டோபர் பிறந்ததும் மாடி அட்டையை மட்டும் மாற்றுவேன். 5 மணி என்பது 4 ஆகும், மழை வரி முதல் வரியாகும். பொங்கல் கழிந்ததும் பழைய அட்டை.